நீலக்கருப்பு பிடிக்காத இரும்பு: அறிகுறி பார்த்துக் குறை நீக்கும் வழி

நாடக மேடைக்கும் படப்பிடிப்புக்கும் உலோகப் பொருள்கள் செய்து கொடுப்பது எங்கள் பட்டறையின் வேலை. வாளின் கைக்காப்பு, கேடயத்தின் நடுக்குமிழ், சிறைக் கதவின் பூட்டு, கைவிலங்கு, குழலில் துளையே இல்லாத போலித் துப்பாக்கியின் பக்கத் தகடு. இவற்றில் பலவற்றுக்கு நீலக்கருப்பு மெருகு கேட்கிறார்கள். பெயின்ட் அடித்த கருப்பு, கேமரா நெருங்கினால் பெயின்டாகவே தெரிந்துவிடும். இரும்பே கருத்துப்போன அந்த ஆழம் புளூயிங் எனப்படும் இந்த மெருகில்தான் வரும்.

வரும் குறைகள் ஏறத்தாழ ஒன்றேதான். திட்டு விழுகிறது, செம்பாகிறது, மறுநாள் துருப்பிடிக்கிறது, உரசினால் போகிறது. கெட்டுப்போன வேலைகளைத் திரும்பிப் பார்த்தால், புளூயிங் மருந்து மோசம் என்று முடிந்தவை மிகக் குறைவு. மருந்தைத் தொடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில்தான் காரியம் கெட்டிருக்கிறது. அதனால்தான் எந்த அறிகுறியைப் பார்க்கப் போனாலும் முதலில் கீழே உள்ள மூன்று சோதனைகளையும் செய்துவிடுங்கள்.

கீழே வரும் பெயர்கள்: பாட்டிலில் வாங்கித் துடைத்துப் பூசுவது குளிர் புளூயிங். துருவை வளர்த்துக் கொதிக்க வைத்துக் கருப்பாக்குவது துரு புளூயிங். தீயில் காட்டி நிறம் வரவழைப்பது சூட்டு நீலம். தொழிற்பேட்டைகளில் சூடான காரத் தொட்டியில் முக்கி எடுப்பது பிளாக்கோடைசிங்.

குளிர் புளூயிங் மருந்துகள் பெரும்பாலானவற்றில் செலினியம் சேர்ந்த அமிலம் இருக்கிறது. அது நஞ்சு. நைட்ரைல் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, திறந்த ஜன்னல் மூன்றும் இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். வடிந்த மருந்தைச் சாக்கடையில் கொட்டாதீர்கள்.

எந்த அறிகுறிக்கும் முன்பு மூன்று சோதனைகள்

முதலாவது, காந்தம். ஒட்டவில்லை என்றால் அது துத்தநாகக் கலவை, அலுமினியம், பித்தளை அல்லது பாத்திரக் கடை ஸ்டெயின்லெஸ் வகையாக இருக்கலாம். இரும்புக்கான புளூயிங் இவற்றில் சரியாகப் பிடிக்காது. அச்சில் வார்த்து விற்கும் ஆயத்தப் போலிப் பாகங்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலவைதான். கையில் கனமாக இருப்பதை வைத்து இரும்பு என்று ஏமாந்துவிடாதீர்கள். உள்பக்கம் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்காமல் மெத்தென்று இறங்கி, சாம்பல் கலந்த வெள்ளைத் தூள் வந்தால் துத்தநாகம்.

இரண்டாவது, மயில்துத்தச் (காப்பர் சல்பேட்) சொட்டு. காந்தம் ஒட்டினால் மட்டும் போதாது. குரோம் முலாம் போட்ட இரும்பிலும் காந்தம் ஒட்டும். கத்திக்குப் பயன்படுத்தும் ஸ்டெயின்லெஸ் வகைகளிலும் ஒட்டும். சிறு கிண்ணம் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி மயில்துத்தத்தைக் கரைத்து, துடைத்த பரப்பில், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் ஒரு சொட்டு விடுங்கள். வெறும் இரும்பாக இருந்தால் சில நொடிகளில் செம்பு நிறம் படியும். ஸ்டெயின்லெஸ், குரோம், தெளிவான வார்னிஷ் இவற்றின் மேல் எதுவும் நடக்காது. துத்தநாகம் பூசிய தகட்டில் கருங்கறை விழும். சோதித்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். விட்ட செம்பு பிறகு கறையாக நிற்கும். அந்தக் கிண்ணம் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

மூன்றாவது, நீர்ப்படலம். சுத்தம் செய்து முடித்ததாக நினைக்கும் பாகத்தின் மேல் தண்ணீரை ஊற்றிச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் கிழியாத ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். தாமரை இலைபோல முத்து முத்தாகத் திரண்டாலோ, படலம் ஓரிடத்தில் விலகி ஓடினாலோ அங்கே எண்ணெய் இருக்கிறது. எங்கள் பட்டறையில் இந்தச் சோதனை தேறாத பாகம் அடுத்த மேசைக்குப் போகாது. புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவதும் இதுதான்.

அறிகுறி 1: நிறமே ஏறவில்லை, வெள்ளையாகவே நிற்கிறது

*முழுப் பாகத்திலும் ஏறவில்லை, மூன்று சோதனைகளும் தேறின:* மருந்தின் வயதைப் பாருங்கள். பூசும் துணியைப் பாட்டிலுக்குள்ளேயே முக்கி முக்கி எடுத்திருந்தால் மருந்தில் இரும்பும் அழுக்கும் சேர்ந்து அது செத்துப்போயிருக்கும். ஒரு புதிய ஆணியைத் தேய்த்துச் சுத்தம் செய்து அதில் பூசிப் பாருங்கள். ஆணி கருத்தால் மருந்து நல்லது. குறை பாகத்தில் இருக்கிறது. ஆணியும் கருக்கவில்லை என்றால் புதிய மருந்து வாங்குங்கள். கடையில் வாங்கும் ஆணியில் துத்தநாக முலாம் இருக்கலாம் என்பதால் தேய்க்காமல் சோதிக்காதீர்கள்.

*மருந்து நல்லது, பாகம் சில்லென்று இருக்கிறது:* குளிர் புளூயிங் என்ற பெயரை நம்பிக் குளிர்ந்த இரும்பில் பூச வேண்டாம். தொட்டால் இதமான சூடு இருக்கட்டும். 40 முதல் 50 டிகிரி செல்சியஸ் போதும். வெந்நீரில் முக்கி எடுத்தாலே வரும். அசிட்டோனால் துடைத்திருந்தால் அது முழுக்க ஆவியாகும் வரை எந்தச் சூட்டையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

*மேலே கருப்புச் செதில் மூடியிருக்கிறது:* எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதாரண மென்இரும்பு) தகடு ஆலையிலிருந்து வரும்போதே சூட்டில் உருண்ட கருஞ்செதிலோடு வரும். பார்க்க ஏற்கெனவே கருப்பாக இருப்பதால் பலர் அதன் மேலேயே பூசிவிடுகிறார்கள். தகட்டை வினிகரில் ஓர் இரவு ஊற வைத்து, காலையில் கம்பித் தூரிகையால் தேய்த்தால் செதில் கழன்றுவிடும். பிறகு சமையல் சோடா கரைத்த நீரில் அலசி உடனே உலர்த்துங்கள். கழிப்பறை கழுவும் ஆசிடைப் பட்டறைக்குள் திறக்காதீர்கள். அதன் ஆவி ஒரே இரவில் அலமாரியில் இருக்கும் அத்தனை கருவிகளையும் துருவாக்கிவிடும்.

*கடினப்படுத்திய இரும்பு:* அரம் வழுக்கினால் இது கடினப்படுத்தியது. நிறம் ஏறும், ஆனால் மெதுவாக. 400 உப்புத்தாளால் ஒரு முறை தேய்த்து, சூடாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக நான்கைந்து தடவை பூச வேண்டியிருக்கும்.

*ஸ்டெயின்லெஸ், குரோம், துத்தநாகம்:* இங்கே நிறுத்திவிடுங்கள். குரோம் முலாமை நீக்குவது வீட்டு வேலை அல்ல. அதன் கழிவு ஆபத்தானது, முலாம் போடுபவரிடமே கொடுங்கள். துத்தநாகத்துக்கும் அலுமினியத்துக்கும் தனிக் கருப்பாக்கிகள் விற்கிறார்கள். அவை கருப்பைத் தரும், நீலத்தின் ஆழத்தைத் தராது. பாகம் கேமராவுக்கு நெருக்கமாக வரும் என்றால், அதையே எம்.எஸ்.ஸில் லேத்தில் கடைந்து செய்துகொள்வதுதான் கடைசியில் மலிவாக முடிகிறது.

அறிகுறி 2: திட்டுத் திட்டாக, கோடு கோடாக வருகிறது

அதிகம் வரும் குறை இதுதான். திட்டின் வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும். மறுபடி பூசும் முன் வெளிச்சத்தில் வைத்து ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள்.

*விரல் அளவு வட்டத் திட்டு:* கைரேகை. சுத்தம் செய்தபின் வெறுங்கையால் தொட்டிருக்கிறீர்கள். கையுறை போட்ட கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாலும் இதே கதைதான்.

*திருகாணித் துளையைச் சுற்றிச் சூரியன் போல் வெளிறிய வளையம்:* பாகத்தைச் சூடாக்கியபோது மரைக்குள் இருந்த எண்ணெய் இளகி வெளியே ஊறிவிட்டது. எவ்வளவு மேலே துடைத்தாலும் தீராது. எல்லாவற்றையும் கழற்றி, சலவை சோடா கரைத்த நீரில் கால் மணி நேரம் கொதிக்க வைத்து, மரைக்குள் பல் தூரிகை விட்டுத் தேய்த்து, மறுபடி வெந்நீரில் அலசுங்கள். பூட்டிய நிலையில் புளூயிங் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு இந்த வளையத்தைத்தான் காட்டுகிறேன். அலுமினியப் பாத்திரத்தில் சலவை சோடா கொதிக்க வைக்கக் கூடாது, பாத்திரம் அரித்துவிடும்.

*வழிந்த கோடுகள்:* மருந்து ஒரு பக்கம் அதிகமாக நின்றிருக்கிறது. சிறிய பாகத்தை முழுக்க முக்கி எடுங்கள். பெரியதற்குப் பஞ்சை நனைத்துப் பிழிந்து, நீளவாக்கில் நிறுத்தாமல் ஒரே இழுப்பாகத் துடையுங்கள். நடுவில் நின்று யோசித்த இடத்தில் கோடு நின்றுவிடும்.

*மேகம் போன்ற மங்கல்:* பளபளப்பாக்கத் தேய்க்கும் பஃபிங் சோப்பின் மெழுகு. கண்ணாடிபோல் பளபளக்கும் பாகத்தில்தான் இது வரும். தின்னர் ஒரு முறை, அசிட்டோன் ஒரு முறை, பிறகு சலவை சோடா வெந்நீர். துடைக்கும் துணி ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கட்டும். பழைய துணி எண்ணெயை இடம் மாற்றும், எடுக்காது. பாகத்தில் எப்போதாவது சிலிக்கான் தெளிப்பு அடித்திருந்தால் அது எளிதில் போகாது. 320 உப்புத்தாளில் தொடங்கித் தேய்த்து எடுப்பதைத் தவிர வேறு வழி நான் கண்டதில்லை.

*தேய்ப்பதற்கு வைத்திருந்த இரும்பு நாரே எண்ணெய்:* துருப்பிடிக்காமல் இருக்க அதில் எண்ணெய் தடவியே விற்கிறார்கள். அசிட்டோனில் அலசிக் காயவைக்காமல் பயன்படுத்தினால், சுத்தம் செய்யச் செய்ய அழுக்காகும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு மழைக்காலம் பிடித்தது.

*வெல்டிங் ஓரத்தில் பட்டை:* வெல்டிங் கம்பியின் உலோகம் வேறு, தகட்டின் உலோகம் வேறு. அதோடு சூடு பட்ட இடத்தில் இரும்பின் தன்மையும் மாறியிருக்கும். மேலே தேய்த்து மட்டப்படுத்திப் பல தடவை பூசினால் வித்தியாசம் குறையும், முழுக்க மறையாது. பித்தளை வைத்துப் பற்றவைத்திருந்தால் அந்தக் கோடு மஞ்சளாகவே நிற்கும். அங்கே பித்தளைக் கருப்பாக்கியைத் தூரிகை நுனியால் தொட்டு மறைக்கிறோம். ஈயப் பற்று, புட்டி இரண்டும் எதையும் ஏற்காது. வடிவமைக்கும்போதே இணைப்புகளை உள்பக்கமாக வைத்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

எல்லாத் திட்டுக்கும் ஒரே பரிகாரம்: மேலே மேலே பூசி மறைக்கப் பார்க்காதீர்கள். வினிகரில் நனைத்த துணியால் பழைய நிறம் முழுவதையும் துடைத்து எடுத்து, சமையல் சோடா நீரில் அலசி, நீர்ப்படலச் சோதனையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

அறிகுறி 3: கருப்பு வராமல் வேறு நிறம் வருகிறது

*செம்பு நிறம்:* குளிர் மருந்துகள் பலவற்றில் செம்பு உப்பும் இருக்கிறது. மருந்து அதிக நேரம் நின்றால், அல்லது குழியில் தேங்கினால், செம்பு தனியாகப் படிந்துவிடும். பூசிய 30 முதல் 60 நொடிக்குள் தண்ணீரில் அலசுங்கள். பாட்டிலில் வேறு கணக்கு எழுதியிருந்தால் அதன்படி. படிந்த செம்பை 0000 என்னும் மிக நுண்ணிய இரும்பு நாரால் மெல்லத் தேய்த்து எடுத்து மறுபடி பூசலாம். மயில்துத்தம் விட்ட இடத்தைத் தேய்க்க மறந்திருந்தாலும் அங்கே இதே நிறம் வரும்.

*பழுப்பு:* நிறத்துக்கு அடியில் துரு ஓடத் தொடங்கிவிட்டது. அறிகுறி 5-க்குப் போங்கள்.

*கத்தரிப்பூ நிறம், அல்லது சிவப்பு கலந்த ஊதா:* வார்ப்பிரும்பிலும் சிலிக்கான் அதிகமுள்ள வார்ப்புகளிலும் இது வரும். பிளாக்கோடைசிங் செய்து வந்த பாகத்தில் வந்தால், தொட்டியின் சூடு சரியில்லாமல் இருந்திருக்கலாம், அல்லது தொட்டி பழையதாகியிருக்கலாம். ஒரே நாளில் போன எம்.எஸ். பாகங்கள் நல்ல கருப்பாக வந்து வார்ப்பு மட்டும் ஊதாவாக வந்திருந்தால் குறை உலோகத்தில் இருக்கிறது. திரும்ப அனுப்பிப் பயனில்லை. எல்லாமே ஊதாவாக இருந்தால் தொட்டிக்காரரிடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

*சாம்பல்:* பரப்பு கரடுமுரடு. மணல் வீசித் தேய்த்த பரப்பு ஒளியைச் சிதறடிக்கும், எந்தக் கருப்பும் அதில் சாம்பலாகவே தெரியும். எண்ணெய் தடவியதும் ஆழம் வந்தால் குறை எதுவும் இல்லை. வரவில்லை என்றால் 400 வரை தேய்த்துத் திரும்பத் தொடங்குங்கள். நீலக்கருப்புப் படலத்தின் கனம் ஒரு மைக்ரானை ஒட்டியே இருக்கும். ஒரு கீறலைக்கூட அது மறைக்காது.

அறிகுறி 4: தொட்டால் கையில் கருப்பு ஒட்டுகிறது

மருந்து வேகமாக வேலை செய்து, பிடிப்பில்லாத கரியாகப் படிந்திருக்கிறது. எண்ணெயில் நனைத்த 0000 இரும்பு நாரால் அழுத்தாமல் துடையுங்கள். அடியில் உறுதியான நிறம் இருந்தால் வேலை முடிந்தது. துடைக்கத் துடைக்க வெள்ளை தெரிந்தால் அடியில் எதுவும் இல்லை. பாட்டிலில் சொன்னபடி மருந்தை நீர்க்கச் செய்து, குறைந்த நேரம் பூசி, அலசி, மெல்லத் தேய்த்து, மறுபடி பூசி என்று மூன்று நான்கு சுற்று போகவேண்டும். இளம் நிறத்தைப் பல முறை சேர்ப்பதே வழி. ஒரே தடவையில் கருப்பு வந்ததே என்று மகிழ்ந்த பாகங்கள்தான் நடிகரின் வெள்ளைச் சட்டையில் கறையாகித் திரும்பி வந்தன.

அறிகுறி 5: மறுநாள் காலையில் துரு

சிறைக் கதவுப் பூட்டு ஒன்றின் முகத்தகடு. இரவு பத்து மணிக்கு முடித்தபோது மயிலின் கழுத்துபோல் நீலம் மின்னியது. காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தால், நடுவில் ஒரு கட்டைவிரல் அடையாளம், செங்காவி நிறத்தில். ரேகைச் சுழி எண்ணிவிடலாம் போல அவ்வளவு தெளிவு. கடைசியாகத் தூக்கிப் பார்த்து ரசித்தது நான்தான். வியர்வை உப்புக்கு ஓர் இரவு போதும். சென்னைக் காற்றில் அதுகூடத் தேவையில்லை.

*ரேகை வடிவில் துரு:* எண்ணெய் தடவும் வரை கையுறையைக் கழற்றாதீர்கள். தடவியபிறகும் பார்க்க வருபவர்களிடம் ஒரு துணியைக் கொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள்.

*பரவலான மெல்லிய துரு:* மருந்து முழுக்கப் போகவில்லை. அலசிய பிறகு சமையல் சோடா நீரில் ஒரு முறை முக்கி, மறுபடி நல்ல தண்ணீரில் அலசி, வெந்நீர் ஊற்றி அந்தச் சூட்டிலேயே உலரவிடுங்கள். இடுக்கில் நிற்கும் ஈரம் தானாகப் போகாது. ஊதி எடுக்க வேண்டும்.

*புள்ளிப் புள்ளியாக, தண்ணீர் காய்ந்த வடிவில்:* ஆழ்துளைக் கிணற்று நீர். அதில் உள்ள உப்பு அப்படியே தங்கிவிடுகிறது. கடைசி அலசலுக்கு மட்டுமாவது பேட்டரி தண்ணீர் என்று விற்கும் வடிநீரைப் பயன்படுத்துங்கள். அதே கடையில் பேட்டரி ஆசிடும் இருக்கும். கேனில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

*இரண்டு வாரம் கழித்து, பெட்டிக்குள்:* புளூயிங் தன்னளவில் துருவைத் தடுக்காது. அது எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்ளும், தடுப்பது எண்ணெய்தான். முடிந்தவுடன் ஓர் இரவு முழுக்க எண்ணெயில் ஊறவிடுங்கள். தையல் இயந்திர எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். காலப்போக்கில் சிக்குப் பிடித்துப் புளித்துவிடும். தோல் உறையிலோ நுரைப் பஞ்சிலோ வைத்துப் பூட்டாதீர்கள். தோல் பதனிட்ட உப்பும், பஞ்சு இழுக்கும் ஈரமும் இரும்பைத் தின்னும்.

*கடற்கரைப் படப்பிடிப்புக்குப் பிறகு:* உப்புக்காற்று பட்ட பாகத்தை அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவ வேண்டும். நாளை பார்க்கலாம் என்று விட்டால் நாளை புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும்.

குழி விழும் அளவுக்குத் துரு போயிருந்தால் மேல்பூச்சில் தீராது. தேய்த்து மட்டப்படுத்தும் வேலை. பாகத்தின் கனம் குறையும் என்பதால் பிணைப்பு சரியாகப் பொருந்துமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 6: உரசும் இடத்தில் நிறம் போய்விடுகிறது

நிலைக்கும் மெருகு வேண்டும் என்று கேட்பவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம். எங்கள் சோதனை எளிது: எண்ணெய் ஊறி 24 மணி நேரம் கழிந்ததும், வெள்ளைத் துணியை விரலில் சுற்றி ஒரே இடத்தில் 20 முறை அழுத்தித் தேய்க்கிறோம். துணியில் எண்ணெய் மஞ்சள் வரலாம். கருப்பு வந்தால் கீழே உள்ள வரிசையில் போகிறோம்.

*காசில்லாத வழி:* பொறுமை. பூசிய அன்றே உறையில் போட்டு இழுக்காதீர்கள். ஓர் இரவு எண்ணெய், ஒரு நாள் ஓய்வு.

*கொஞ்சம் செலவு:* குளிர் புளூயிங்கையே ஐந்தாறு இளம் சுற்றுகளாகச் சேர்த்து, எண்ணெயைத் துடைத்துவிட்டு மேலே மெழுகு. தேன்மெழுகை உருக்கிச் சிறிது டர்பன்டைனில் இளக்கித் தடவுகிறோம். அடுப்பைவிட்டு விலகிக் கலக்க வேண்டும், டர்பன்டைன் தீப்பற்றும். காட்சிக்கு வைக்கும் பொருளுக்கு இது ஆண்டுக்கணக்கில் நிற்கும். கையில் பிடித்து ஆடும் பொருளுக்கு நிற்காது. உறைக்குள் தினம் பத்து முறை போய்வரும் விளிம்பில் குளிர் புளூயிங் தாங்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

*நேரச் செலவு:* துரு புளூயிங். வீட்டுப் பட்டறையில் செய்யக்கூடியவற்றில் உறுதியானது இது என்பது என் முடிவு. சுத்தமான பாகத்தில், இதற்கென்றே விற்கும் துருக்கரைசலை மிக மெல்லிதாக, ஏறத்தாழ உலர்ந்த பஞ்சால் தடவி, சில மணி நேரம் தொங்கவிடுகிறோம். சீரான செந்துரு படிந்ததும் வடிநீரில் 15 நிமிடம் கொதிக்க வைத்தால் சிவப்பு கண்ணெதிரே வெல்வெட் கருப்பாகிறது. அந்த வெல்வெட்டை எண்ணெய் நீக்கிய இரும்பு நாரால் மெல்லத் துடைத்தால் அடியில் முதல் நிறம். இப்படி ஐந்து முதல் எட்டுச் சுற்று. இரண்டாம் சுற்றில் ஏமாற்றமாக இருக்கும். நான்காவதில் ஆழம் தெரியத் தொடங்கும்.

துரு புளூயிங்கில் வரும் கிளைக் குறைகள் மூன்று. குழி விழுந்தால் கரைசல் அதிகம், அல்லது காத்திருந்தது அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருப்பதால் கோடையில் எடுக்கும் நேரத்தில் பாதியிலேயே எடுத்துப் பாருங்கள். கொதித்து எடுத்ததும் வெண்கறை இருந்தால் தண்ணீரில் உப்பு. பிசுக்கான திட்டு இருந்தால் பாத்திரத்தில் எண்ணெய். அந்தப் பாத்திரத்தை வேறு எதற்கும் தொடாமல் ஒதுக்கிவையுங்கள்.

*பணச் செலவு, நிபுணர்:* பிளாக்கோடைசிங். பாகங்கள் நிறைய இருந்தாலோ, எல்லாம் ஒரே நிறத்தில் வேண்டும் என்றாலோ இதுதான் வழி. சென்னையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் முலாம் வேலை செய்பவர்களிடம் விசாரியுங்கள். காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்புகளும் கலந்து 140 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கொதிக்கும் தொட்டி அது. அதில் தண்ணீர் சிந்தினால் வெடித்துத் தெறிக்கும். வீட்டில், மாடியில், தோட்டத்தில் எங்கும் முயலாதீர்கள். இதில் நான் யாருக்கும் விலக்குச் சொல்வதில்லை.

அறிகுறி 7: தொட்டிக்குப் போய்வந்த பாகத்தின் இடுக்கில் வெண்பொடி

தொட்டி உப்பு மடிப்புக்குள் தங்கி, ஈரக் காற்று பட்டு வெளியே கசிகிறது. கையுறையோடு துடையுங்கள், அது காரம். சுத்தமான நீரில் அரை மணி நேரம் கொதிக்க வைத்து, தண்ணீரை மாற்றி மறுபடி கொதிக்க வைத்து, சூட்டோடு எண்ணெயில் முக்குங்கள். இரண்டு முறை செய்தும் கசிந்தால் உள்ளே மூடிய வெற்றிடம் இருக்கிறது; மறைவான இடத்தில் 3 மில்லிமீட்டர் துளை போட்டால்தான் உப்பு வெளியேறும். அந்தத் துளையைத் தொட்டிக்கு அனுப்பும் முன்பே போட்டிருக்க வேண்டும். காற்று அடைபட்ட குழாயைத் தொட்டியில் இறக்குவது வேலை செய்பவரின் உயிரோடு விளையாடுவது.

அறிகுறி 8: சூட்டு நீலம் ஒரு பக்கம் வைக்கோல், ஒரு பக்கம் நீலம்

பழைய கடிகாரங்களின் முட்களும் திருகாணிகளும் இந்த முறையில்தான் நீலமாயின. சிறு திருகாணிக்கும் ஆணித்தலைக்கும் இதைவிட அழகான நீலம் கிடையாது. ஆனால் உரசலைத் தாங்காது.

சுமார் 220 டிகிரியில் வைக்கோல் நிறம், 260-ஐ ஒட்டிப் பழுப்பு, 280-ல் ஊதா, 300-ஐ ஒட்டி நீலம், அதைத் தாண்டினால் வெளிறிச் சாம்பல். நிறத்துக்கும் நிறத்துக்கும் இடையே உள்ள இடைவெளி அவ்வளவு குறுகியது. நேரடித் தீ ஒருபோதும் சீராகச் சுடாது. இரும்புச் சட்டியில் பித்தளைச் சீவலோ நுண்மணலோ பரப்பி, அதில் பாகத்தைப் பாதி புதைத்து அடியிலிருந்து சூடேற்றுங்கள். மெல்லிய முனை முதலில் நீலமாகிவிடுகிறது என்றால் முனையை மேலே தூக்கி, கனத்த பக்கத்தைப் புதையுங்கள். நீலம் தொட்டதும் எடுத்துவிடுங்கள். கைக்குத் தெரியாமல் இன்னும் ஒரு படி தானே ஏறும். தாண்டிவிட்டால் பின்வாங்க முடியாது, உப்புத்தாளால் வெள்ளையாக்கி மறுபடி.

நிறுத்த வேண்டிய இடம் ஒன்று உண்டு. மேடையில் மோதிக்கொள்ளும் வாளின் தகட்டைச் சூட்டு நீலம் ஆக்காதீர்கள்; அதன் பதம் மாறிவிடும். அதையும் வில்சுருளையும் அமிலத்தில் ஊற வைக்கவும் கூடாது. கடினப்படுத்திய எஃகு அமிலத்தில் கிடந்தால் நொறுங்கும் தன்மை வந்துவிடும், வெளியே எதுவும் தெரியாது. ஒடிந்த முனை பறந்து போவது எதிரே நிற்கும் நடிகரின் முகத்தை நோக்கித்தான். தகட்டை உப்புத்தாளால் சுத்தம் செய்து, செய்தவரிடமே மெருகையும் கேளுங்கள்.

நிபுணரிடம் கொடுக்கும்போது

முதல் முறை நான் ஒரு கூடைப் பாகங்களைக் கொண்டுபோய் வைத்தபோது தொட்டிக்காரப் பெரியவர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, இதில் எல்லாமே இரும்புதானா?" ஆமாம் என்றேன். ஒரு அலுமினியக் குமிழ் உள்ளே இருந்தது. காரத் தொட்டி அலுமினியத்தைக் கரைத்து ஹைட்ரஜனைக் கிளப்பும். அவர் காந்தத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக் குமிழை எடுத்து என் கையில் வைத்தார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அதிலிருந்து எங்கள் கூடையோடு ஒரு சீட்டுப் போகிறது. ஒவ்வொரு பாகமும் எந்த உலோகம், எங்கே பித்தளை அல்லது ஈயப் பற்று இருக்கிறது, எவை வார்ப்பு, எவை கடினப்படுத்தியவை, எந்தத் துளை உப்பு வடிவதற்கு, பளபளப்பு வேண்டுமா மங்கல் வேண்டுமா. ஈயப் பற்று வைத்தவற்றை நாங்களே எடுத்துவிடுகிறோம். தொட்டி அதை அரித்துவிடும். வார்ப்புகளில் ஒன்றை மட்டும் முதலில் அனுப்பி நிறம் பார்த்துவிட்டு மீதியைக் கொடுக்கிறோம்.

இரண்டு வகை வேலைகளை நாங்கள் ஏற்பதில்லை. உண்மையான துப்பாக்கியின் எந்தப் பாகமானாலும் உரிமம் பெற்றவரிடம்தான் போக வேண்டும். உரிமம் இல்லாமல் போலியை உண்மையாக்குவது ஆயுதச் சட்டம், 1959-இன்படி குற்றம். எங்கள் போலிகளில் குழல் திடக் கம்பி, விசை அசையாது. அவையும் படப்பிடிப்புத் தளத்துக்குப் பூட்டிய பெட்டியில்தான் போய்வருகின்றன.

காலம் சரியா என்றும் வாங்குபவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பாளையக்காரர் போர்க் கதைக்குக் கும்பினிச் சிப்பாயின் துப்பாக்கி கேட்டு வருவார்கள், நீலக்கருப்பாக வேண்டும் என்பார்கள். அந்தக் காலத்துச் சிப்பாய்களின் குழல்கள் பெரும்பாலும் வெள்ளையாகத் தேய்த்துப் பளபளவென்றே வைக்கப்பட்டவை. அங்கே நீலம் திருகாணித் தலைக்கு மட்டும் போதும். குழலுக்கு 400 உப்புத்தாளும் எண்ணெயும்.